ஊயவைக்கு ஒரு பஸ்

எங்கள் திட்டமிடல் கிளைக்குப் புதிதாய் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஓர் ஊரை அறிமுகம் செய்து வைக்கிறேன். வலிகாமத்தில் இருக்கிறது. பிரதான வீதி பஸ் தரிப்பிலிருந்து நாலரைக் கிலோமீற்றர். வெங்காயத்துக்குச் சோக்கான மண். டெங்கு குறைவு. ரோட்டுக்குக் கிரவல் மண் போட்டாயிற்று. சனமும் நல்ல சனம். ஒரேயொரு குறை, அப்படி ஓர் ஊர் இல்லை.

அந்த ஊரை உண்டாக்கியவள் நான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில், கணினியில், வேர்ட்டில் உண்டாக்கினேன். உங்களில் யாராவது அரை மணித்தியாலத்தில் ஓர் ஊரை எழுப்பியிருந்தால் சொல்லுங்கள், நான் என் பட்டத்தை உங்களுக்கு விட்டுத் தருகிறேன்.

புதியவர்களுக்கான கைநூலுக்கு அனுபவக் கட்டுரை ஒன்று தாருங்கோ அன்ரி என்று கேட்டவர்கள், நான் வெற்றிகளை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என்னுடைய வெற்றிகளை எல்லாம் பிரியாவிடைக் கூட்டத்தில் ஆளாளுக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதுச் செய்தி. மிச்சம் கிடப்பது பிழைகள்தான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இப்போதும் நடுப்பகலில் தனியே இருந்து நினைத்துச் சிரிப்பது பிழைகளை நினைத்துத்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. போக்குவரத்துக் குழு எங்கள் பிரிவுக்கு ஒரேயொரு புதிய பஸ் சேவை தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. கேட்டு நின்றவை மூன்று ஊர்கள்: நாவலங்கலட்டி, செம்மண்புலம், தாழையம்பிராய். எது அதிக தூரத்தில் கிடந்து கஷ்டப்படுகிறதோ அதற்குத்தான் பஸ் என்று முடிவு. ஆகவே நான் ஆவணி வெயிலில் என் ஸ்கூட்டியில் மூன்று ஊருக்கும் போய், மீற்றரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் ஊரிலிருந்தும் பஸ் தரிப்புக்கு எவ்வளவு, சந்தைக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று அளந்தேன். மூன்று ஊர், மூன்று தூரம். இதைவிடச் சின்ன அட்டவணை என் சேவைக் காலத்தில் நான் செய்ததில்லை.

தாழையம்பிராய்தான் ஆகத் தூரம். பஸ் தரிப்புக்கு மூன்று தசம் நான்கு கிலோமீற்றர், அதில் கடைசிப் பகுதி வயலுக்குள்ளால் போகும் தாழ்ந்த ரோட்டு. அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி மங்கை வாரத்தில் ஒரு நாள் தவறாமல் எங்கள் கந்தோருக்கு வருவாள். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை. எல்லோரும் சுகம் விசாரித்துக் கதையைத் தொடங்குவார்கள். அவள் நேரே விஷயத்துக்கு வருவாள்.

"அக்கா, பஸ் என்ன மாதிரி?"

"பாத்துக்கொண்டிருக்கிறம் மங்கை."

"நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ. எங்கடை பிள்ளையள் நடந்துகொண்டிருக்குதுகள்."

மங்கை ஊருக்காகத்தான் வந்தாள். ஆனால் ஒரு நாள், என் மேசைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்காகவும் கதைத்தாள்.

"துளசிக்கு ரவுண் பள்ளிக்கூடத்திலை ஏ.எல். படிக்க இடம் கிடைச்சிட்டுது அக்கா. தையிலை வகுப்புத் தொடங்குது. மாரிக்குள்ளை அந்த வயல் ரோட்டாலை இருட்டோடை வெளிக்கிட்டுப் போகவேணும். தனிய எப்பிடி விடுறது? பஸ் இல்லையெண்டா மறிச்சுப்போடுவன். மறிக்க எனக்கு விருப்பமில்லை. அதுதான் உங்களிட்டை வாறன்."

துளசி அவளுடைய ஒரே மகள். பஸ் வந்தால் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிப்பாள், வராவிட்டால் வீட்டில் இருப்பாள். என் அட்டவணையில் இருந்த ஒரு வரிக்குள் அந்தப் பிள்ளை இருந்தாள் என்பதை நான் மறக்கக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கார்த்திகை மாதம், பஸ் எந்த ஊருக்கு என்று முடிவெடுக்கும் கூட்டத்து நாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பணிப்பாளர் என் மேசைக்கு ஓடி வந்தார். வயதில் என்னைவிட இளையவர், நல்ல மனிதர், ஆனால் கூட்டம் என்றால் கையும் காலும் ஓடாது.

"அக்கா, அட்டவணை காணாது. வாற போக்குவரத்துக் குழுத் தலைவர் இலக்கத்தைக் கண்டாப் பக்கத்தைப் புரட்டிப்போடுவாராம். படம் வேணும். அரை மணித்தியாலத்திலை படம் வேணும்."

படம் என்றால் சலாகை வரைபு. ஒவ்வோர் ஊருக்கும் நீட்டு நீட்டாய் எழும்பி நிற்கும் தூண்கள். உங்களுக்குத் தெரிந்த வேலைதான். வரைபைச் செருகச் சொன்னதும் வேர்ட் ஒரு சின்னத் தாளைத் திறந்து, மாதிரிக்கென்று தன் கையிருப்பில் சில இலக்கங்களைப் போட்டு வைத்திருக்கும். நாலு வரி, மூன்று நிரல். அதன் மேல் எங்கள் அட்டவணையை ஒட்ட வேண்டும். ஒட்டினேன். என்னுடையது மூன்று வரி. மாதிரியில் நாலு வரி. மூன்றின் மேல் மூன்று அழகாகப் படிந்தது. நாலாவது வரி கீழே சத்தம் போடாமல் குந்தியிருந்தது. அதற்குப் பெயர் இங்கிலீசில் கற்றகரி நாலு (Category 4). இலக்கங்கள் நாலரை, இரண்டு தசம் எட்டு, ஐந்து.

வேறு எந்த இலக்கமாக இருந்தாலும் யாராவது பிடித்திருப்பார்கள். ஆனால் எங்கள் தூரங்களும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான். நாலரைக் கிலோமீற்றர், இரண்டு தசம் எட்டு, ஐந்து. எந்த ஊருக்கும் பொருந்தும் இலக்கங்கள்.

இதோடு விட்டேனா, இல்லை. அந்த நாளில் நாங்கள் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் அடித்தோம். பாமினியில் ஒவ்வோர் இங்கிலீசு எழுத்தின் முதுகிலும் ஒரு தமிழ் எழுத்து ஏறி இருக்கும். என் ஊர்ப் பெயர்கள் படத்தில் இங்கிலீசுக் கிறுக்கலாய்த் தெரிந்தன. சரி என்று படம் முழுவதையும் ஒரே சொடுக்கில் பாமினிக்கு மாற்றினேன். ஊர்ப் பெயர்கள் தமிழாயின. கற்றகரி என்ற இங்கிலீசுச் சொல்லும் பாவம், சேர்ந்து தமிழாகியது. அது இப்படி வந்தது: ஊயவநபழசல.

நான் மூன்று ஊரின் இலக்கங்களையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றும் சரி. படத்தில் எத்தனை ஊர் நிற்கிறது என்று எண்ணவில்லை. மூன்று ஊர் போட்டேன், மூன்று ஊர்தானே இருக்கும் என்ற நம்பிக்கை. இருபது பிரதி அடித்து, இன்னும் சூடாக இருந்த தாள்களைக் கூட்ட மண்டபத்தில் வைத்துவிட்டு, பெரிய வேலை முடித்தவள்போல் கடைசிக் கதிரையில் போய் இருந்தேன்.

தலைவர் கட்டையான மனிதர். வெள்ளை நீளக்காற்சட்டை, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. தாளை எடுத்தார், அட்டவணை இருந்த பக்கத்தைப் புரட்டினார், படத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஆ, இது விளங்குது. இந்தக் கடைசி ஊர்தான் சரியான தூரம் போலை. நாலரைக் கிலோமீற்றர்! ஆஸ்பத்திரிக்கு அஞ்சு! என்ன ஊர் இது? ஊ... ஊயவ... நபழ..."

எல்லோரும் தங்கள் தங்கள் பிரதியைப் பார்த்தார்கள். தெரியாது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள். தன் பிரிவில் ஓர் ஊர் தனக்குத் தெரியாது என்று மாகாணத்திலிருந்து வந்த ஆளுக்கு முன்னால் யார் சொல்வது? வீதிப் பொறியியலாளர் தொண்டையைச் செருமினார்.

"அது பழைய பேர் சேர். சனம் சுருக்கி ஊயவை எண்டுதான் சொல்லுறது."

"ஆ, ஊயவை. ரோட்டு எப்பிடி?"

"கிரவல் போட்டு விட்டிருக்கிறம் சேர்."

விவசாய உத்தியோகத்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஊயவை வெங்காயம் எண்டா நல்ல விலை போகும் சேர். மண் அப்பிடி."

"சுகாதாரம்?"

"டெங்கு குறைவு சேர்," என்றார் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர். "அந்தச் சனம் துப்புரவான சனம்."

நான் கடைசிக் கதிரையில் இருந்து என் பிரதியைத் திறந்தேன். நாலு ஊர் நின்றது. முதலில், யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள் போல என்றுதான் நினைத்தேன். நாலரை, இரண்டு தசம் எட்டு, ஐந்து. இந்த இலக்கங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கே பார்த்திருக்கிறேன்? படம் போட வேர்ட்டைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளே, பயத்தில் அழுகை வரும் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, தோளைக் குலுக்குகிற சிரிப்பு. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குனிந்தேன். முன்னால் அதே நேரம் சமூக சேவை உத்தியோகத்தர் ஊயவையில் ஒரு முதியோர் சங்கத்தையும் தொடங்கி வைத்துவிட்டார். நான் அழுகிறேன் என்று நினைத்துப் பணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்ன அக்கா, என்ன நடந்தது?"

"சேர், உந்த ஊர் இல்லை. அது வேர்ட்டின்ரை மாதிரி வரி. நான் அழிக்க மறந்திட்டன்."

அவர் மெதுவாக என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு என் காதுக்குள் சொன்னதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் ஒருவர் இதைச் சொல்வார்.

"வாய் திறவாதேங்கோ. ஊயவைக்குப் பஸ் எண்டு முடிவாகட்டும். பிறகு தாழையம்பிராய்க்குத்தான் உப்பிடி ஒரு பேர் எண்டு கடிதம் எழுதித் திருத்துவம். பஸ் போக வேண்டிய இடத்துக்குத்தானே போகப்போகுது?"

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் மங்கை குடையைப் பிடித்துக்கொண்டு முடிவுக்காக இருந்தாள். நான் பிழையைச் சொன்னால் கூட்டம் குழம்பும், பஸ் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், துளசி தையில் வீட்டில் இருப்பாள். சொல்லாவிட்டால் ஒரு பொய்க்குள்ளால் பஸ் சரியான ஊருக்குப் போகும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

தலைவர் எழுந்தார். "தீர்மானம் எழுதுங்கோ. ஊயவைக்கு ஒரு பஸ்." எழுதினார்கள். கையும் தட்டினார்கள். அதோடு அவர் போயிருக்கலாம். ஆனால் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"நேரம் பத்தரைதானே. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஒருக்கா ஊயவைக்குப் போய்ச் சனத்தோடை கதைச்சிட்டு வருவம். எல்லாரும் வாங்கோ."

அந்த மண்டபத்தில் அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் வடை தொண்டையில் இறுகியதை நான் கண்ணால் கண்டேன். பொறியியலாளருக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் ஞாபகம் வந்தது. பரிசோதகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய போன் மேசையில் சார்ஜில் கிடந்தது, காதில் இருந்தது கண்ணாடிக் கூடு.

இந்த இடத்தில்தான் எங்கள் றைவர் அண்ணை வருகிறார். அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கையில் வாகனத் திறப்போடு விறாந்தையில் என்னை மறித்தார்.

"தங்கச்சி, உந்த ஊயவைக்கு எந்தப் பக்கத்தாலை போறது?"

நான் மண்டபப் பக்கம் கையைக் காட்டினேன்.

"எஞ்சினியரைக் கேட்டன், விவசாயத்தைக் கேள் எண்டார். விவசாயம் பி.எச்.ஐ.யைக் கேள் எண்டுது. பி.எச்.ஐ. உன்னைக் கேக்கச் சொன்னார். இருவது வருசமா ஓடுறன், நான் போகாத ஒழுங்கை இல்லை. உள்ளை எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர் எனக்குத் தெரியேல்லை எண்டு சரியான வெக்கமாக் கிடக்கு. ஆனா வெக்கப்பட்டு என்ன செய்யிறது? கடைசியிலை நான்தானே ஓட்டவேணும்."

பிள்ளைகளே, முப்பது வருடச் சேவையில் எனக்கு எத்தனையோ பயிற்சி வகுப்புகள் வைத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்தக் கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் வராது. மற்ற எல்லோருக்கும் ஊயவை ஒரு தாளில் இருக்கிற ஊர். அவர் ஒருவர்தான் ஸ்ரியறிங்கைப் பிடித்து அங்கே போய் நிற்க வேண்டியவர். அதனால் அவருக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல முடியாது.

அவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து வாகன பொனற்றில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நானும் சிரித்தேன். வாங்கில் இருந்த மங்கை எங்களைப் பார்த்து, பஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தானும் சிரித்தாள். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"போய்ச் சொல்லு தங்கச்சி," என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வாகனத்தைத் திருப்பி வைக்கிறன். எல்லாரும் வெளிக்கிட்டாச்சு, எங்கையாவது போகத்தானே வேணும்."

உள்ளே போனேன். வெளியே நழுவியவர்களும் தேத்தண்ணிக்குத் திரும்பியிருந்தார்கள். தலைவர் இரண்டாவது வடையோடு இருந்தார். நின்றபடியே சொன்னேன்: படத்தில் உள்ள நாலாவது ஊர் இல்லை, அது கணினி மாதிரிக்கு வைத்திருந்த வரி, நான் எண்ணிப் பார்க்காமல் அடித்துவிட்டேன், பிழை என்னுடையது, வேறு ஒருவருடையதும் இல்லை. என் குரல் நடுங்கியது. பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் வடையைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்கள் இவ்வளவு நேரமும் ஒரு கொம்பியூட்டருக்கோ பஸ் விட்டது?"

அவர் பொறியியலாளர் பக்கம் திரும்பினார். "நீங்கள் கிரவல் போட்ட ரோட்டு?"

"அது... வேறை இடம் சேர்."

"வெங்காயம்?"

விவசாயம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரிசோதகர்தான் ஆள். கொஞ்சமும் அசையவில்லை.

"நான் சொன்னதிலை பிழையில்லை சேர். இல்லாத ஊரிலை டெங்கு குறைவுதானே."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார்.

"இந்த அறிக்கையை இனி நம்பேலாது. ஒண்டு பிழையெண்டா மற்றதுகள் எப்பிடியோ? அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருடம். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. கதவுக்கு வெளியே அந்தக் கறுப்புக் குடையின் நுனி தெரிந்தது. பொய் சொல்லாமல் விட்டதற்காக ஒரு பிள்ளை வீட்டில் இருக்கப் போகிறாள் என்று நினைக்கக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில்தான் குரல் நடுங்குவது நின்றது.

"சேர், படம்தான் பிழை. அட்டவணை பிழையில்லை. அந்த மூண்டு ஊரையும் என்ரை ஸ்கூட்டியிலை நான் அளந்தனான். வாகனம் வெளியிலை நிக்குது, அதிலையும் மீற்றர் இருக்கு. தாழையம்பிராய்க்குப் போய்ப் பாருங்கோ. நான் எழுதின தூரம் பிழைச்சுதெண்டா அடுத்த வருசம் எண்டு எழுதுங்கோ, கீழை நானே கையெழுத்துப் போடுறன்."

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலால் வாகனத்தைப் பார்த்தார். றைவர் அண்ணை அதைச் சொன்னபடியே திருப்பி, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் எழுந்து நடந்தார்.

வழி காட்ட மங்கையையும் ஏற்றினோம். முன் சீற்றில் தலைவர், பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வாகனம். பஸ் தரிப்பில் நிறுத்தி மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தார் றைவர் அண்ணை. பிறகு சுவாமி காவுகிற மாதிரி அவ்வளவு கவனமாக ஓட்டினார். "ஒண்டு... ஒண்டு தசம் அஞ்சு... ரெண்டு..." என்று சத்தமாக வாசித்துக்கொண்டே போனார். நான் இஷ்ட தெய்வத்தை எல்லாம் விட்டுவிட்டு அந்த மீற்றரைத்தான் கும்பிட்டேன்.

இரண்டு தசம் ஒன்பதில் ரோட்டு முடிந்தது. முடிந்தது என்றால், தண்ணீருக்குள் போய்விட்டது. ஆவணியில் நான் புழுதி பறக்க ஓடிய ரோட்டு, கார்த்திகையில் வயலோடு வயலாகக் கிடந்தது. அக்கரையில் தாழையம்பிராயின் கோயில் மணிக்கோபுரம் தெரிந்தது.

"மிச்சம் அரைக் கிலோமீற்றர்," என்றேன்.

"தண்ணி எவ்வளவு?" என்று கேட்டார் தலைவர்.

"இண்டைக்குக் குறைவு ஐயா," என்றாள் மங்கை. "பிள்ளையளுக்கு முழங்கால் மட்டும்தான். உடுப்பை ஒரு பையிலை கொண்டுபோய், பஸ் தரிப்படியிலை மாத்திக்கொண்டு போவினம்."

தலைவர் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அந்தப் பளபளத்த சப்பாத்தைக் கழற்றினார். அவர் கழற்றினால் மற்றவர்கள் நிற்க முடியுமா? அந்த நேரம் ஒரு காகம் மேலே பறந்திருந்தால் வலிகாமத்து உத்தியோகத்தர்கள் அவ்வளவு பேரும் காற்சட்டையைச் சுருட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்து, ஒரு குடைக்குப் பின்னால் வரிசையாய் நடப்பதைக் கண்டிருக்கும். நடுவில் வழுக்கியவர் பொறியியலாளர். எழும்பி நின்று, வாய்க்குள் போன சேற்றைத் துப்பிவிட்டு, "இஞ்சை கிரவல் போடத்தான் வேணும்" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் நூற்றுக்கு நூறு உண்மை அது.

அக்கரையில் ஏறியதும் தலைவர் என் அறிக்கையைக் கேட்டார். நனைந்த விரலால் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தார். முதல் தடவையாக அந்த இலக்கங்களை வாசித்தார்.

"மூண்டு தசம் நாலு எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் சேர்."

"பிழை."

மங்கை குடையை இறுக்கிப் பிடித்தாள்.

"தண்ணிக்குள்ளை நடந்த அரைக் கிலோமீற்றர் மூண்டு கிலோமீற்றருக்குச் சமன். அதை நீங்கள் சேர்க்கேல்லை. எங்கை பேனை?"

பஸ் தாழையம்பிராய்க்குக் கிடைத்தது. வயல் ரோட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கும் வரைக்கும் பஸ் எப்படிப் போவது என்று கேள்வி வந்தபோது, றைவர் அண்ணைதான் ஊருக்கு மேற்கால் சுற்றி வருகிற, நடப்பவர்களுக்குச் சரியான சுற்றான ஆனால் தண்ணீர் ஏறாத மேட்டு ரோட்டைக் காட்டினார். அது ஊர் எல்லையில் ஒரு முச்சந்தியில் வந்து ஏறும். அந்தச் சந்திக்குப் பெயர் இல்லை. கூட்டக் குறிப்பில் தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று பணிப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தலைவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏன் திருத்துவான்? பஸ் தாழையம்பிராய்க்கு. அது நிக்கிற சந்திக்கு ஊயவை எண்டு எழுதுங்கோ. பேர் இல்லாமல்தானே கிடக்கு."

இதில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் எழுதும்போதே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் போட்டால் முதலில் இலக்கத்தைப் பார்க்க வேண்டாம், தூண்களை எண்ணுங்கள். அட்டவணையில் எத்தனை வரியோ படத்திலும் அத்தனை நிற்கிறதா என்று பாருங்கள். மற்றது, அச்சடிக்க முதல் அந்தத் தாளை ஒருவரிடம் காட்டுங்கள். பெரியவரிடம் வேண்டாம், அதை நம்பி எங்கேயாவது போக வேண்டியவரிடம் காட்டுங்கள். ஓய்வு பெறும் வரைக்கும் என் படங்களை நான் முதலில் காட்டியது றைவர் அண்ணையிடம்தான். "உதைப் பாத்து ஓட்டுவியளோ?" என்று கேட்பேன். சிலதை ஓட்டமாட்டேன் என்று திருப்பித் தந்திருக்கிறார்.

பஸ் மார்கழிக் கடைசியில் ஓடத் தொடங்கியது. இப்போது நான் சும்மாவேனும் மாதத்தில் ஒரு தடவை அதில் ஏறுவேன். கொண்டக்டர் "ஊயவை இறக்கம்!" என்று கத்தும்போது எனக்குள் ஒரு குதூகலம் எழும்பும், இந்த வயதில் வரக்கூடாத குதூகலம். போன மாதம் பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு பெரியவர், ஊயவை என்பது சங்கிலியன் அரசாண்ட காலத்துப் பெயர் என்று எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். துளசி அந்தத் தையில் ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிறகு இங்கே பக்கத்தில், திருநெல்வேலியில் கம்பஸ் படிப்பையும் முடித்தாள். இந்த முறை நியமனம் கிடைத்து உங்களோடு வந்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி, நீங்கள் தேடிக் கண்டுபிடியுங்கள். போன கிழமை அவள் தன் முதல் அறிக்கையை, அன்ரி ஒருக்காப் பாத்துத் தாங்கோ என்று எனக்கு அனுப்பியிருந்தாள். படத்தைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் முதலில் எண்ணினேன். அட்டவணையில் ஆறு ஊர், படத்தில் ஏழு. கடைசியில் நாலரை, இரண்டு தசம் எட்டு, ஐந்து. கீழே அழகான தமிழில் ஊயவை என்று எழுதியிருந்தது. உடனே போன் எடுத்தேன்.

"என்ன பிள்ளை இது?"

"அது நான் ஏறின இடம் அன்ரி. சும்மா போட்டுப் பாத்தனான், பிறகு அழிக்க மனம் வரேல்லை."

மூக்கை உறிஞ்சுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அழி பிள்ளை," என்றேன். "பஸ் ஓடுதுதானே."